ஏழாம் மிதவையின் முறை

எனக்குக் கோபம் சட்டென்று வரும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இந்த விவகாரத்தில் நான் மூன்று முறை கத்தியிருக்கிறேன், மூன்று முறையும் தப்பு என் மேல்தான்.

சேமன்குப்பம் ஏரியை ஏரி என்று சொல்வது அந்த ஊர்க்காரர்கள் மட்டும்தான். வெளியூர்க்காரர் ஒரு வாய் குடித்தால் துப்பிவிடுவார். கிழக்கே கடல் உள்ளே வரும், மேற்கே ஆறு வந்து சேரும், நடுவில் பதினெட்டு கிலோமீட்டருக்கு உப்பும் நன்னீரும் கலந்து கிடக்கும். 2063 கார்த்திகையில், அந்த ஏரி செத்துவிட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட எனக்கு நான்கு நாள் மிச்சம் இருந்தது.

ஏரி செத்ததா இல்லையா என்பதைச் சொல்வது ஓர் எண். அதற்கு உயிரெண் என்று பெயர். பெயர் வைத்ததும் நான்தான், பெற்றதும் நான்தான். தண்ணீரில் வாழும் எதுவும் தன்னில் கொஞ்சத்தை அங்கே விட்டுவிட்டுத்தான் நகரும். செதில், சளி, கழிவு, முட்டைத்தோல், ஏதாவது ஒன்று. என் மிதவைகள் அந்தத் தண்ணீரை உறிஞ்சி, அதிலிருக்கும் மரபணுவைப் படித்து, இங்கே இன்னின்னார் குடியிருக்கிறார்கள் என்று கண்டுபிடித்து, நூற்றுக்கு இத்தனை என்று சொல்லிவிடும். ஏரி முழுக்க பன்னிரண்டு மிதவைகள். சித்திரையில் போட்டோம். அப்போது உயிரெண் ஐம்பத்து நான்கு. ஆடி முடிந்ததும் சரியத் தொடங்கி, மூன்றே வாரத்தில் முப்பதுக்குக் கீழே போய், இப்போது இருபத்திரண்டில் நின்றது.

தொண்ணூறு நாள் தொடர்ந்து முப்பதுக்குக் கீழே இருந்தால் சட்டப்படி அது செத்த நீர்நிலை. கடல் வாயை அடைத்து, உப்பை இறைத்து, நகரத்துக்குக் குடிநீர்த் தேக்கமாக மாற்றிவிடுவார்கள். கேட்கக் கொடுமையாக இருக்கும். ஆனால் நகரத்தில் வாரத்துக்கு இரண்டு நாள்தான் குழாயில் தண்ணீர் வருகிற காலம் அது. செத்த ஏரியை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டால் யாரிடமும் பதில் கிடையாது. சேமன்குப்பத்தில் முந்நூற்று நாற்பது குடும்பம். அவர்களுக்கு முப்பது கிலோமீட்டர் உள்ளே, கடல் வாடையே அடிக்காத இடத்தில், அடுக்குமாடிக் கட்டடம் தயாராக இருந்தது.

அன்று மத்தியானம் ஆராய்ச்சி நிலையத்தில் சாப்பிட உட்கார்ந்தோம். நானும் ஜோயலும். ஜோயல் கணினிப் பகுதியைப் பார்த்துக்கொள்பவர், நாற்பது வயது, எதற்கும் பதறாத மனிதர். அதனாலேயே என்னோடு ஆறு வருடம் தாக்குப்பிடித்திருக்கிறார். ஆடிக்குப் பிறகு தினமும் ஊரிலிருந்து அமுலு என்கிற பெண் கேரியர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார். சோறு, மீன்குழம்பு. அலுவலகம் செய்த ஏற்பாடு என்று நினைத்துக்கொண்டு, டேப்லெட்டைப் பார்த்தபடியே சாப்பிட்டு எழுந்துவிடுவேன். அன்று பல்லில் ஏதோ நறநறவென்று பட்டது.

"ஜோயல், இது என்ன?"

"சினை மேடம். மடவை மீனோட சினை. இந்த சீசன்ல நல்லா இருக்கும், சாப்பிடுங்க."

"நம்ம லிஸ்ட்ல மடவை இருக்கா?"

அவர் இடது கையால் டேப்லெட்டைத் தள்ளிப் பார்த்தார். "எழுபத்திரண்டு நாளா இல்ல. மார்க்கெட்ல வாங்கியிருப்பாங்க மேடம்."

அமுலு கேரியரை எடுத்துப்போக வாசலில் நின்றிருந்தார். ஐம்பதை நெருங்கும் வயது, இடுப்பில் செருகிய முந்தானை, யாருக்கும் அசராத பார்வை.

"அமுலு, இந்த மீன் எந்த மார்க்கெட்ல வாங்கினது?"

"இன்னாமா கேக்குறீங்கோ? ஏரியில கெடைக்கிற மீனை எதுக்கு மார்க்கெட்ல போய் வாங்கணும்? காலையில வலையில வுழுந்தது."

"இந்த ஏரில மடவையே இல்ல! எதுக்குப் பொய் சொல்றீங்க?"

இது முதல் கத்தல். ஊர் தங்கள் கையை விட்டுப் போகாமலிருக்க இந்த அம்மாள் நாடகம் ஆடுகிறார் என்றுதான் நான் நினைத்தேன். நினைத்ததற்கு இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

அமுலு கேரியர் அடுக்கை டக் டக்கென்று மூடினார். "நீங்க உங்க மெஷினைக் கேட்டுக்கோங்கோ. நான் என் கண்ணைக் கேட்டுக்கறேன்" என்று சொல்லிவிட்டு விடுவிடுவென்று போய்விட்டார்.

அதற்குப் பிறகு எனக்கு வேலையே ஓடவில்லை. மிதவைகள் தம்மைத் தாமே சுத்தம் செய்துகொள்ளும், பழுதானால் தாமே செய்தி அனுப்பும். அதனால் போட்ட நாளிலிருந்து நாங்கள் யாரும் நேரில் போய்ப் பார்க்கவே இல்லை. பெற்றவள் பிள்ளையைத் தொட்டிலில் போட்டுவிட்டு எட்டு மாதம் எட்டிப் பார்க்காத கதை.

மறுநாள் காலை படகு கேட்டேன். அமுலுவின் அண்ணன் தேசப்பன் வந்தார். அறுபது வயதிருக்கும். எஞ்சினை அணைத்துவிட்டுப் பேசினால்தான் பேச்சு என்று நம்புகிறவர், அதனால் வழியெல்லாம் பேசவில்லை. வரைபடத்தில் ஏழாம் மிதவை ஈச்சமேட்டுக்குத் தெற்கே இருந்தது. அங்கே போனால் தண்ணீர் இருந்தது, இரண்டு நாரை இருந்தது, மிதவை இல்லை.

"எங்க போச்சு? திருடிட்டாங்களா? அரசாங்கப் பொருள் அண்ணா அது! தூக்கிட்டுப் போய்க் காயலான் கடையில போட்டுட்டீங்களா?"

இது இரண்டாவது.

தேசப்பன் நிதானமாக எஞ்சினை அணைத்தார். "ஏழாம் நம்பரா? அதுக்கு இன்னிக்கு இங்க பாடு இல்லையேமா."

"என்னது?"

"இன்னிக்கு அதுக்கு நரிமுனை. இங்க வர்றதுக்கு இன்னும் எட்டு நாள் ஆவும்."

எனக்கு ஒன்றுமே புரியவில்லை. அவர் படகின் விளிம்பில் உட்கார்ந்துகொண்டு, மெதுவாக, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னார்.

"ஏரியில எல்லா எடமும் ஒண்ணு இல்லமா. கடல் வாய்கிட்ட கட்டுனா வலை கிழியிற மாதிரி வுழும். ஆத்து முனையில ஒண்ணும் இருக்காது. நல்ல எடத்தை ஒருத்தனே புடிச்சுக்கினா மத்தவன் இன்னா பண்ணுவான்? அதான் பாடு. வருசத்துக்கு ஒரு தபா சீட்டுப் போட்டு, இன்னிக்கு இவனுக்கு இந்த எடம், அடுத்து அவனுக்குன்னு மாத்திக்கினே போவோம். என்னிக்கும் எவனும் ஒரே எடத்துல நிக்கக் கூடாது."

"சரி, அதுக்கும் மிதவைக்கும் என்ன?"

"உங்க மிதவை நங்கூரக் கவுறு போட்டு நிக்குதுல்ல? அது நிக்கிற எடத்துல பாதி வலைதான் கட்ட முடியும். ஒரே எடத்துல வருசம் பூரா நின்னா, அந்த எடம் யாருக்கு வந்தாலும் நட்டம். அதான் ஆடித் திருவிழா முடிஞ்சு புது சீட்டுப் போடறப்ப, மிதவைக்கும் சேர்த்துப் போட்டுட்டோம். ரெண்டு நாளைக்கு ஒரு தபா நான்தான் இழுத்துக்கினு போய் மாத்தி வுடறேன். பன்னெண்டையும். ஒரு நாளும் வுட்டதில்ல, பொயல் எச்சரிக்கை அன்னிக்குக்கூட."

பெருமையாகச் சொன்னார். படகை உடனே கரைக்குத் திருப்பச் சொன்னேன்.

நிலையத்துக்கு ஓடினேன். ஓடினேன் என்றால் நிஜமாகவே, சேற்றுக் காலோடு. ஜோயலிடம் விஷயத்தைச் சொன்னேன். எதற்கும் பதறாத மனிதர் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டார்.

"மேடம், அப்ப அந்த வடிகட்டி..."

கணினியில் நான் எழுதிய அந்த வடிகட்டி என்னுடைய பெருமை. கடல் வாயில் நிற்கும் மிதவையில் ஆற்றுக் கெண்டையின் மரபணு தெரிந்தால் அது பிழை, யாரோ கழுவிய தண்ணீர் கலந்திருக்கும், தள்ளிவிடு. ஆற்று முனையில் கடல் பக்கத்துக் கொடுவா தெரிந்தால் தள்ளிவிடு. இருக்கக் கூடாத இடத்தில் இருப்பது எல்லாமே பிழை. இந்த ஒரு விதிக்காக எனக்கு மாநாட்டில் பொன்னாடை போர்த்தினார்கள். ஆடிக்குப் பிறகு கடல் வாயில் நிற்பதாக நாங்கள் நினைத்த மிதவை ஆற்று முனையில் நின்றிருக்கிறது. தான் கண்ட கெண்டையையெல்லாம் சொல்லியிருக்கிறது. நாங்கள் ஒவ்வொன்றையும் பிழை என்று தள்ளியிருக்கிறோம்.

"ஏரி சாகல ஜோயல். நாமதான் உயிரோட இருக்கறதையெல்லாம் எடுத்துக் குப்பையில போட்டிருக்கோம்."

"உயிரெண் திருவிழாவுக்கு மறுநாள்லேருந்து சரிஞ்சுது மேடம். நான் ஒலிபெருக்கிச் சத்தம்தான் காரணம்னு ஒரு கட்டுரையே எழுதி வெச்சிருக்கேன்."

"எவன்யா மிதவையில இடம் காட்டற கருவி வைக்காம வாங்கினது? நாலு விரக்கடை சில்லு! அதைக்கூட வைக்கத் தெரியாதா?"

இது மூன்றாவது. ஜோயல் கொள்முதல் கோப்பைத் திறந்து என் பக்கம் திருப்பினார். "நங்கூரம் போட்ட மிதவை எங்க ஓடிடப் போகுது, பேட்டரி வீணுன்னு அதை எடுக்கச் சொன்னது நீங்கதான் மேடம்."

உட்கார்ந்துவிட்டேன்.

தள்ளிவிட்டவை எதுவும் அழிந்துவிடவில்லை, ஒரு மூலையில் சேர்ந்து கிடந்தன. மிதவை எந்த நாளில் எந்த இடத்தில் நின்றது என்று தெரிந்தால் எல்லாவற்றையும் சரியான இடத்தில் வைத்துத் திரும்பக் கணக்கிடலாம். ஆனால் நூற்றுப் பத்து நாள் கதையை யார் ஞாபகம் வைத்திருப்பார்கள்?

"ஞாபகம் எதுக்கு?" என்றார் பின்னாலேயே வந்து சேர்ந்த தேசப்பன். "அமுலுகிட்ட நோட்டு இருக்கே."

எனக்குத் தினமும் கேரியர் கொண்டுவந்த அமுலுதான் ஊரின் பாடு நோட்டு எழுதுகிறவர் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். அவர் வீட்டு வாசலில் போய் நின்றேன். மீன் அறுத்துக்கொண்டிருந்தவர் நிமிரவே இல்லை.

"அமுலு, நேத்து நான் பேசினது தப்பு. மன்னிச்சுக்கோங்க."

"மெஷினு சொல்லிச்சா?"

"இல்ல. மெஷினையும் நான்தான் குழப்பியிருக்கேன்."

அரிவாள்மணையை மடக்கி வைத்துவிட்டு அவர் சிரித்தார். "கையைக் கழுவிக்கினு வரேன், இருங்கோ."

அறுநூற்று அறுபது வரிகள். நிலையத்தில் உட்கார்ந்து அமுலு படிக்கப் படிக்க ஜோயல் கணினியில் ஏற்றினார். "ஆடி இருபத்தெட்டு, ஒண்ணாம் நம்பர், அம்மன்துறை, விடியறப்ப வெள்ளாப்புல வுட்டது. ரெண்டாம் நம்பர், சங்குப்பள்ளம், காத்து அதிகம், நேரம் ஆயிடுச்சு." ஒரு நாள்கூட விடுபடவில்லை, ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. என்னிடம் முனைவர் பட்டத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேர் இப்படி ஒரு களக்குறிப்பு எழுதியதில்லை. எனக்கும் அப்போது வேறு வேலை இல்லை. டீ வாங்கி வருவதும், அமுலுவின் தொண்டை வறண்டால் தண்ணீர் கொடுப்பதும்தான்.

மாலை நான்கு மணிக்கு ஜோயல் கடைசி வரியை ஏற்றி, பொத்தானை அழுத்தினார். நான் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டேன்.

"மேடம், அறுபத்தொண்ணு."

சித்திரையில் இருந்ததைவிட அதிகம். ஒரே இடத்தில் நின்ற மிதவை பார்க்காததையெல்லாம் சுற்றி வந்த மிதவை பார்த்திருக்கிறது. மடவை இருந்தது, கொடுவா இருந்தது, மூன்று வகை இறால் இருந்தது. ஈச்சமேட்டுச் சேற்றில், எங்கள் ஆரம்பக் கணக்கெடுப்பில் பெயர்கூட இல்லாத ஒரு சின்ன நண்டு இருந்தது. போன உயிர் எனக்குத் திரும்பி வந்தது. அமுலுவைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன், அவர் மீன் வாடையைப் பற்றி ஏதோ சொன்னார், நான் காதில் வாங்கவில்லை.

ஜோயல் மட்டும் சிரிக்கவில்லை. "மேடம், இதை அறிக்கையில எப்படி எழுதப் போறோம்? மிதவையை நகர்த்தினது சட்டப்படி குற்றம். மூணு வருஷம்."

சந்தோஷமெல்லாம் அப்படியே நின்றுபோனது. உண்மையைச் சொன்னால் ஏரி பிழைக்கும், தேசப்பன் உள்ளே போவார், நோட்டு எழுதிய அமுலுவும் கூடப் போகலாம். மறைத்தால் ஏரி போகும். மிதவைகளில் கோளாறு என்று பொதுவாக எழுதிச் சமாளிக்கலாமா என்று நான் வாய்விட்டே கேட்டேன்.

"கோளாறுன்னா நம்ப மாட்டாங்க, புது மிதவை வெச்சு மறுபடி பாக்கறதுக்குள்ள கெடு முடிஞ்சுடும்" என்றார் ஜோயல்.

தேசப்பன் வாசல்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். "உள்ளதைச் சொல்லிடுங்கமா. மூணு வருசம்தானே? ஏரி இருந்தா திரும்பி வந்து மீன் புடிச்சுக்குவேன். ஏரி இல்லாத ஊர்ல வெளிய இருந்து மட்டும் நான் இன்னா பண்ணப் போறேன்?"

நான் அழுதுவிட்டேன். கோபக்காரிக்கு அழுகையும் சட்டென்றுதான் வரும்.

கெடு முடியும் நாள் காலையில் நீர்வள ஆணையர் பர்வீன் நேரில் வந்தார். சட்டத்தைக் கரைத்துக் குடித்தவர், அதிகம் சிரிக்க மாட்டார். நான் ஆதியோடந்தமாக எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நம்பவும் இல்லை, மறுக்கவும் இல்லை. தாமே மூன்று இடங்களைத் தேர்ந்தெடுத்து, தாம் கொண்டுவந்த குப்பிகளில் தண்ணீர் எடுக்கச் சொன்னார். மத்தியானத்துக்குள் முடிவு வந்தது. மூன்றும் எங்கள் புதுக் கணக்கோடு ஒத்துப்போனது.

"ஏரி உயிரோட இருக்கு. அது சரி" என்றார். "ஆனா டாக்டர், பிரிவு பதினொன்று தெரியும்ல? பொறுப்பு விஞ்ஞானியோட எழுத்து மூல ஒப்புதலும், நாள்வாரிப் பதிவும் இல்லாம கருவியை நகர்த்தக் கூடாது. இதை நான் பாக்காத மாதிரி போக முடியாது."

"பதிவு இருக்கும்மா" என்று அமுலு நோட்டை நீட்டினார்.

பர்வீன் புரட்டினார். புரட்டப் புரட்ட அவர் புருவம் ஏறியது. "பதிவு பிரமாதமா இருக்கு. ஒப்புதல்?"

"இல்ல மேடம், நான் குடுக்கவே..." என்று தொடங்கினேன்.

"ஒப்புதல்னா கையெழுத்துதானே? மொதப் பக்கம் பாருங்கோ" என்றார் அமுலு.

முதல் பக்கத்தில் ஊர்க் கட்டுப்பாடுகள் எழுதியிருந்தன. பர்வீன் வாய்விட்டுப் படித்தார். "பாடு உள்ள யாரும் முறை முடிந்த பிறகு ஒரே இடத்தில் நிற்கக் கூடாது. ஆராய்ச்சி நிலையத்தாரின் பன்னிரண்டு மிதவைகளுக்கும் இந்த வருடம் முதல் பாடு உண்டு. அவையும் முறைப்படி இடம் மாற வேண்டும். சம்மதித்துக் கையெழுத்து." கீழே வரிசையாகக் கையெழுத்துகள். கடைசியில் பச்சை மையில், நீட்டி இழுத்த வாலோடு, இளமதி என்ற என் பெயர். பக்கத்தில் ஒரு கூழ்க் கறை.

எனக்கு அந்த நாள் ஞாபகம் வந்தது. ஆடித் திருவிழா. ஒரு கையில் கூழ்ச் சொம்பு, காதைப் பிளக்கும் பாட்டு, நகரத்துக்குப் போகும் வண்டி காத்திருந்தது. யாரோ ஒரு நோட்டை நீட்டினார்கள், ஏதோ படித்தும் காட்டினார்கள். வருகைப் பதிவேடு என்று நினைத்துப் போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

"மேடம், உண்மையைச் சொல்லிடறேன். நான் இதைப் படிக்காமதான்..."

"நான் அதைக் கேக்கலை" என்று பர்வீன் கையமர்த்தினார். "இது உங்க கையெழுத்தா?"

"ஆமா."

"சட்டம் கையெழுத்தைத்தான் கேக்குது. படிச்சீங்களான்னு கேக்கலை. ஒப்புதல் இருக்கு, பதிவு இருக்கு. அப்ப இது குற்றம் இல்ல டாக்டர், ஆராய்ச்சி முறை." முதல் முறையாகச் சிரித்தார். "உங்களுக்கு மட்டும் ஒரு மெமோ வரும். அதைப் படிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்க."

தேசப்பன் தலைத்துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். வாசலில் நின்றிருந்த பெண்கள் குலவை போட்டார்கள். யாருக்கும் சட்டப்பிரிவு புரியவில்லை, அமுலுவின் முகம் புரிந்தது.

"நகரத்துத் தண்ணிக்கு என்ன பண்ணுவீங்க மேடம்?" என்று பர்வீனிடம் கேட்டேன். கேட்காமல் விட மனம் வரவில்லை.

"என் வீட்லயும் வாரத்துக்கு ரெண்டு நாள்தான் வருது. கழிவுநீரைச் சுத்திகரிக்கிற திட்டம் ஒண்ணு, ஏரி சுலபம்னு மூலையில போட்டுட்டோம். அதைத்தான் தூசி தட்டணும். உயிரோட இருக்கறதைக் குடிச்சிட்டு இருக்கறதுக்கு அது தேவலை" என்று சொல்லிவிட்டு வண்டி ஏறினார்.

அவர் போனதும் முதல் வேலையாக ஜோயலை இன்னொன்றைப் பார்க்கச் சொன்னேன். மூன்று வருடத்துக்கு முன் தெற்கே ஒரு ஏரிக்கு நான் கையெழுத்துப் போட்டிருந்தேன். அந்த மிதவைகளில் இடம் காட்டும் கருவி இருந்தது. ஒன்றுகூட நகரவில்லை என்று ஜோயல் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. அது செத்துத்தான் இருந்தது. அதற்காகச் சந்தோஷப்படவா முடியும், ஆனாலும் மூச்சு வந்தது.

மத்தியானம் தாண்டிச் சாப்பிட உட்கார்ந்தோம். அமுலு கேரியரைத் திறந்து வைத்தார். இறால் தொக்கு. நான் டேப்லெட்டைத் தள்ளி வைத்துவிட்டு, இத்தனை நாளில் முதல் முறையாக, கோபமில்லாமல் அந்தச் சாப்பாட்டைப் பற்றி ஒரு கேள்வி கேட்டேன்.

"அமுலு, இந்தச் சாப்பாட்டுக்கு ஏற்பாடு பண்ணினது யாரு? எங்க ஆபீஸா?"

"உங்க ஆபீஸா? நல்ல கதையா இருக்கே! பாடு இருக்கறவங்களுக்குப் பங்கு உண்டுமா. மிதவை நிக்கிற எடத்துல யாரு வலை கட்டினாலும் மிதவைக்கு ஒரு பங்கு எடுத்து வெச்சுடுவாங்கோ. மிதவை சாப்பிடுமா? அதான் சமைச்சு உங்களுக்குக் கொண்டாந்து வெக்கிறேன்."

ஆடி முடிந்ததிலிருந்து நூற்றுப் பத்து மத்தியானம். ஒவ்வொரு மிதவையும் தான் நின்ற இடத்தில் என்ன இருந்தது என்பதை அன்றன்றைக்கே என் தட்டில் கொண்டுவந்து வைத்திருக்கிறது. நான் முள்ளை ஒதுக்கி வைத்துவிட்டு, இந்த ஏரியில் எதுவுமே இல்லை என்று குறிப்பு எழுதியிருக்கிறேன்.

"இன்னிக்கு இறால் எந்த மிதவையோட பங்கு?"

"அஞ்சாம் நம்பர். அம்மன்துறை."

"நாளைக்கு?"

"நாளைக்கு ஏழாம் நம்பர் பங்கு. சங்குப்பள்ளத்துக்குப் போவுது" என்றார் அமுலு, நோட்டைப் பார்க்காமலே. "அங்க நண்டுதான் வரும்."

மறுநாள், டேப்லெட்டைத் திறப்பதற்கு முன்னால் கேரியரைத் திறந்தேன். நண்டு.